தசைக்குள் ஒரு சாட்சி – 7: ஆறு மணிக்கு மேல் கால் பேச்சைக் கேட்காது

சென்ற வாரம் அந்தத் தாயை, பிள்ளையை மார்போடு அணைத்த நிலையில் அப்படியே விட்டு வந்தோம். பிள்ளை விழுந்ததா என்று கேட்டு இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள்.

விழும் நிலை வரை போனது என்கிறார் அறுவை மருத்துவர் சார்லஸ் பெல். 1833-ல் அவர் வெளியிட்ட, மனிதக் கையைப் பற்றிய நூலில் அந்தத் தாய் வருகிறாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. உடம்பின் ஒரு பக்கம் வலு போயிற்று, மறு பக்கம் உணர்வு போயிற்று. வலு மிஞ்சிய கையால்தான் பிள்ளையைத் தாங்க முடியும். ஆனால் அந்தக் கையில் உணர்வு இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தவரை கை இறுகப் பிடித்தது. யாரோ கூப்பிட்டு அவள் திரும்பினால், மடங்கியிருந்த முழங்கை அவளுக்குத் தெரியாமலே மெல்லத் தளரும், பிள்ளை நழுவத் தொடங்கும். மறுபடி கண் பிள்ளைமேல் விழுந்தால்தான் கை பிடிக்கும்.

வாட்டர்லூ போரில் அடிபட்டவர்களுக்கு அறுவை செய்த கை பெல்லுடையது. கை, கால் இழந்தவர்களை அவர் நூற்றுக்கணக்கில் பார்த்தவர். ஆனால் கை இருந்தும், அது எங்கே இருக்கிறது என்ற செய்தி மட்டும் இல்லாமல் போன இந்தத் தாய் அவரை விடவில்லை. மூளையிலிருந்து தசைக்கு ஆணை போவது போல, தசையிலிருந்து மூளைக்குத் தகவலும் திரும்பி வருகிறது, இரண்டும் சேர்ந்தால்தான் வட்டம் முழுமை பெறும் என்று 1826-லேயே லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் சொல்லியிருந்தார். பார்வை, கேள்வி, மோப்பம், சுவை, தொடுகை ஐந்துக்கும் அப்பால் ஆறாவது ஒரு புலன்.

அந்தத் தாய்க்கு அந்தப் புலன் அடியோடு போய்விட்டது. அடியோடு போகாமல் சற்றே கோணிப்போனால்? நாள் முழுக்க நேராக இருந்துவிட்டு மாலையில் மட்டும் பிசகினால்? இந்தக் கேள்வி எனக்கு எந்த நூலிலும் கிடைக்கவில்லை. ஈஜிபுராவில், என் வீட்டுக்கு எதிரே கட்டியிருந்த சாரத்தில் கிடைத்தது.

*

ஈஜிபுராவை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. பெங்களூரில் கோரமங்கலாவுக்கும் தொம்மலூருக்கும் இடையே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் பகுதி. தெருவில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒரே மூச்சில் கேட்கும். கோரமங்கலாவை நோக்கி இரண்டரைக் கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிட்டு 2017-ல் தொடங்கிய மேம்பாலம், வேலை நின்று, தூண்கள் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வருடங்களை இங்கே குடியிருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். உள் தெருக்களில் எப்போதும் ஒரு வீட்டின்மேல் இன்னொரு மாடி ஏறிக்கொண்டே இருக்கும். அந்த மாடிகளைக் கட்டுகிறவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்கள்.

எதிர்வீட்டு நாலாம் மாடிக்குப் பூச்சுவேலை நடந்தது. சவுக்குக் கம்புச் சாரம், கயிற்றுக் கட்டு, நிற்க இரண்டு பலகை. செங்கத்துக்காரரான மேஸ்திரி காலை எட்டரைக்கு ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். என் ஜன்னலுக்கும் அவருக்கும் பத்தடி தூரம்கூட இருக்காது. இடது பக்கம் பாண்டில் கலவை, வலது கையில் கரணை. கரணை கலவைக்குள் போகும், அள்ளும், சுவரில் வீசும், மீண்டும் பாண்டுக்குப் போகும். ஒரு தடவைகூட அவர் தன் கையைப் பார்க்கவில்லை. கண் சுவரிலேயே இருந்தது.

"மேஸ்திரி, கையைப் பார்க்காமலே எடுக்கிறீங்களே?" என்றேன் ஒருநாள்.

"கையை எதுக்கு சார் பாக்கணும்? செவுத்தத்தான் பாக்கணும்."

தொம்மலூரில் சொக்கநாதசுவாமி கோயில் இருக்கிறது. ஈஜிபுராவிலிருந்து நடந்தே போகலாம். அங்கே கல்லில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன, நூற்றாண்டுகள் பழையவை. அந்த எழுத்துகளின்மேல் விரலை ஓட்டும்போதெல்லாம் இந்த மேஸ்திரியின் பதில்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. கல்லில் எழுத்து வெட்டுகிறவன் உளியின் நுனியைத்தான் பார்ப்பான், சுத்தியலைப் பார்க்க மாட்டான். சுத்தியல் பிடித்த கை காற்றில் எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது, உளியின் தலைக்கு எத்தனை விரற்கடை தூரம் என்பதெல்லாம் கண் சொல்லி அவனுக்குத் தெரிவதில்லை. அந்தக் கோயிலின் ஒவ்வொரு எழுத்தும் ஆறாம் புலன் எழுதியது.

ஒருநாள் மாலை, இருட்டு விழும் நேரம். இறங்கும்போது மேஸ்திரியின் கால் பலகையின் விளிம்பில் தடுக்கியது. குறுக்குக் கம்பை எட்டிப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. கீழே நின்றிருந்தவர், "கவனம் எங்கப்பா போச்சு?" என்று சத்தம் போட்டார். மேஸ்திரி பதில் பேசவில்லை. கை, கால் கழுவிவிட்டு என் வீட்டுப் படியில் உட்கார்ந்தபோதுதான் சொன்னார்.

"கவனம் இல்லாம இல்ல சார். ஆறு மணிக்கு மேல கால் பேச்சைக் கேக்காது. பலகை எங்க இருக்குன்னு தெரியும். கால் எங்க இருக்குன்னுதான் தெரியாது."

உடலியங்கியல் அறிஞர்கள் இருநூறு வருடமாகச் சுற்றிவந்த கேள்வி இந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தில் முழுசாக இருக்கிறது. கால் எங்கே என்று சொல்கிற சாட்சி யார்? சாயங்காலம் அந்தச் சாட்சி ஏன் பிறழ்கிறது?

*

முதல் கேள்வியிலிருந்து வருவோம். சந்தேகத்துக்கு மூன்று பேர் உண்டு. தசை, மூட்டு, மூளை.

தசைக்குள் ஓர் உறுப்பு ஒளிந்திருக்கிறது. நடுவில் பருத்து இரு முனையும் கூம்பிய, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள உறை. உள்ளே நூலினும் மெல்லிய சில தசை இழைகள், அவற்றின் இடுப்பைச் சுற்றிக் கம்பிச் சுருள் போல நரம்பு. தக்ளியில் நூல் சுற்றிய கதிர் எப்படி இருக்குமோ அப்படி. 1863-ல் ஜெர்மானிய அறிஞர் வில்லெல்ம் கூனே அதற்கு வைத்த பெயரும் கதிர் என்றே பொருள்படும். நாமும் தசைக்கதிர் என்போம். தசை நீண்டால் கதிரும் நீளும், சுருள் விரியும், நரம்பில் துடிப்பு பெருகும். எவ்வளவு நீளம், எவ்வளவு வேகம், இரண்டையும் அது சொல்லும்.

ஆனால் அது என்ன வேலை செய்கிறது என்று முப்பது வருடம் யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. 1894-ல் சார்லஸ் ஷெரிங்டன் தண்டுவடத்திலிருந்து தசைக்கு ஆணை கொண்டுபோகும் முன்வேர்களை வெட்டிப் பார்த்தார். ஆணை நரம்புகள் பட்டுப்போயின. கதிரைச் சுற்றிய பெருநரம்பு உயிரோடு இருந்தது. அப்படியென்றால் அது ஆணை வாங்குகிற நரம்பில்லை, தகவல் அனுப்புகிற நரம்பு. 1906-ல் அவர்தான் இந்த ஆறாம் புலனுக்கு இன்றும் வழங்கும் பெயரைச் சூட்டினார்: புரோப்ரியோசெப்ஷன். தன்னைத் தானே உணர்தல்.

வழக்கு அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1950-களில் பூனையின் முழங்கால் மூட்டு நரம்பைத் தனியே பிரித்து, அதன் துடிப்பைக் கேட்டார்கள். மூட்டு ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு வந்தால் ஒரு நரம்பு பேசியது, வேறு கோணத்தில் வேறு நரம்பு. கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று கீலைக் கேட்பதுதானே நியாயம்? மூட்டுதான் சாட்சி என்று பாடநூல்கள் எழுதின. தசைக்கதிரின் தகவல் தண்டுவடத்தோடு நின்றுவிடும், மனசுக்கு எட்டாது என்று ஒரு தலைமுறை மருத்துவ மாணவர்கள் படித்தார்கள்.

1967-ல் கெல்ஃபன், கார்ட்டர் என்ற இருவர் அதற்கு முத்திரை வைப்பது போல ஒரு சோதனை செய்தார்கள். உள்ளிட மயக்கத்தில் அறுவை நடக்கும்போது நோயாளி விழித்திருப்பார் அல்லவா? வெளியே தெரிந்த தசைநாணைப் பிடித்து இழுத்துவிட்டு, "என்ன தெரிகிறது?" என்று கேட்டார்கள். தசை நீள்வதாக யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தசை ஊமை என்று தீர்ப்பாயிற்று.

அந்தத் தீர்ப்புக்கு ஆயுள் ஐந்தே வருடம்.

*

1972, ஆக்ஸ்ஃபோர்டு. குட்வின், மெக்ளாஸ்கி, மேத்யூஸ் என்ற மூவர் ஒருவரின் கண்ணைக் கட்டி உட்காரவைத்து, முழங்கைக்கு மேலே புஜத்தசையின் நாணில் ஓர் அதிர்வுக் கருவியை வைத்தார்கள். வினாடிக்கு நூறு தடவை அளவில் அதிர்வு. தசைக்கதிரை ஏமாற்ற அது போதும், தசை நீளாமலே 'நீள்கிறேன், நீள்கிறேன்' என்று அது கத்தத் தொடங்கும். அந்தக் கை எங்கே இருக்கிறதோ அதே மாதிரி மற்றக் கையையும் வையுங்கள் என்றார்கள். அவர் வைத்தார். இரண்டு கைக்கும் இடையே 40 பாகை வரை வித்தியாசம்! கண்கட்டை அவிழ்த்தபோது தன் கையைப் பார்த்து அவரே திகைத்தார். தசை ஊமையாக இருந்தால் இந்தப் பொய்யைச் சொன்னது யார்?

அடுத்த வருடம் மூட்டுப் பக்கத்திலிருந்தே மூட்டுக்கு எதிராகச் சாட்சி வந்தது. இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு பொருத்திக்கொண்டவர்களைச் சோதித்தார்கள். மூட்டும் இல்லை, அதைச் சுற்றியிருந்த உறையும் இல்லை. ஆனாலும் தொடை எங்கே இருக்கிறது என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

சரி, 1967-ல் நாணை இழுத்தபோது ஏன் எதுவும் தெரியவில்லை? இந்த உறுத்தல் மெக்ளாஸ்கியைப் பத்து வருடத்துக்கு மேல் துரத்தியது. இதற்குள் அவர் ஆஸ்திரேலியாவுக்கே திரும்பியிருந்தார். நோயாளியிடம் கேட்டால் பதட்டத்தில் எதையும் சொல்லலாம், கேள்வியைப் புரிந்துகொள்ளாமலும் சொல்லலாம். கேள்வி நன்றாகத் தெரிந்த ஒருவரின் நாணை வெட்டி இழுத்தால்?

அந்த ஒருவர் யார் என்று தேடி அவர் வெளியே போகவில்லை. தன் கால் பெருவிரலை நீட்டினார்.

அவர் அறுவை மேசையில் படுத்திருக்கட்டும். அதற்குள் நாம் வேலூருக்குப் போய் வருவோம். காரணம் இருக்கிறது.

*

ஈஜிபுராவிலிருந்து ஓசூர் சாலையைப் பிடித்தால் கிருஷ்ணகிரி, ஆம்பூர் வழியாக வேலூர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போகாத குடும்பம் எங்கள் தெருவில் குறைவு. அங்கே கையைப் பற்றிய ஆராய்ச்சிக்குத் தனியாக ஒரு வரலாறே உண்டு. 1946-ல் வேலூர் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயில் விரல்கள் பறவை நகம் போல மடங்கிப்போன கைகளைப் பார்த்தார். அந்தக் கைகளில் செயலிழந்தவை உள்ளங்கையின் சிறு தசைகள். முன்கையின் பெருந்தசைகளில் பல நல்ல வலுவோடு இருந்தன. அப்படி ஒன்றின் நாணை எடுத்து, வழிமாற்றி, விரல்களோடு இணைத்தார். மடங்கிய விரல் நிமிர்ந்தது.

தொழுநோயாளியின் விரலை நெருப்பு சுட்டாலும் அவருக்குத் தெரியாமல் போகலாம். தோலின் உணர்வு அவ்வளவு கெட்டுவிடும். ஆனால் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, விரலை மேலும் கீழும் அசைத்து எந்தப் பக்கம் என்று கேட்டால், பெரும்பாலும் சரியாகவே சொல்வார். மூட்டும் விரலிலேதான் இருக்கிறது, தோலும் விரலிலேதான் இருக்கிறது. தப்பிப் பிழைத்தது விரலில் இல்லாத ஒன்று, அதாவது முழங்கைக்குக் கீழே இருக்கும் பெருந்தசை. இத்தனை பெரிய தடயத்தை நம் ஊர் மருத்துவமனைகளின் வெளிநோயாளிகள் தங்கள் விரல்களிலேயே சுமந்துகொண்டு வந்தார்கள் என்பது என்னை நெகிழவைக்கும் விஷயம்.

அதே வேலூரில் உடலியங்கியல் அறிஞர் எம். எஸ். தேவானந்தன் இருந்தார். கான்பெராவில் நரம்பியல் பயின்றவர். அவரும் மாணவர்களும் எடுத்துக்கொண்டது நம்மூர்க் குல்லாய்க் குரங்கு. கோயில் மதில்களில் உட்கார்ந்து தேங்காய்ச் சில்லைப் பிடுங்கும் அதே குரங்கு. அதன் கை நம் கைக்கு நெருங்கிய உறவு. உள்ளங்கையின் சிறு தசைகளை மெல்லிய சீவல்களாக அரிந்து, நுண்ணோக்கியில் வைத்து, ஒவ்வொரு தசையிலும் எத்தனை கதிர்கள், நாணில் எத்தனை உணர்வுறுப்புகள் என்று எண்ணினார்கள். அந்தக் கணக்கு 1983-ல் வெளியானது. அதே வருடம் சத்தியன் என்ற இளம் ஆய்வாளரோடு சேர்ந்து, அதே குரங்கின் விரலடி மூட்டுகளில் என்னென்ன உணர்வுமுனைகள் இருக்கின்றன என்றும் தேவானந்தன் வெளியிட்டார். சந்தேகப் பட்டியலில் இருந்த தசை, மூட்டு இரண்டின் வீட்டையும் வேலூர் சோதனை போட்டுவிட்டது.

கதிரை எண்ணுவது லேசான வேலை இல்லை. ஒரு கதிர் பல சீவல்களில் துண்டு துண்டாகத் தெரியும். இந்தத் துண்டும் அடுத்த சீவலின் துண்டும் ஒரே கதிரா, இரண்டா என்று தொடர்ந்து பார்த்துக்கொண்டே போக வேண்டும். களத்தில் நெல்மணியை எண்ணும் பொறுமை அதற்கு வேண்டும்.

அதே 1983-ல்தான் மெக்ளாஸ்கியின் பெருவிரல் முடிவும் வெளியானது. பெருவிரலை நிமிர்த்தும் தசையின் நாணை வெளியே எடுத்து, வெட்டி, தசைப்பக்கத்து முனையைப் பிடித்து இழுத்தார்கள். விரல் அசையவில்லை. அசைய வழியே இல்லை, நாண்தான் அறுந்திருக்கிறதே. ஆனால் மேசையில் கிடந்தவர் விரல் கீழே மடங்குவதை உணர்ந்தார். அசையாத விரல் அசைந்தது.

தசை பேசுகிறது. அது மனசுக்கும் கேட்கிறது.

*

முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. மேஸ்திரியின் கால் எங்கே என்று சொல்லும் முதன்மைச் சாட்சி தசைக்கதிர். தோலும் மூட்டும் துணைச் சாட்சிகள், விரல்களில் தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் பங்கு. இனி இரண்டாம் கேள்வி. தசை சோர்ந்தால் கதிரும் சோர்ந்து பொய் சொல்கிறது என்று நினைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மேலே போகுமுன் நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். மேசையில் இரண்டு முழங்கையையும் ஊன்றுங்கள். ஒரு கையில் தண்ணீர் நிரப்பிய செம்பைப் பிடித்து, இனி முடியாது என்கிறவரை மடக்கி நீட்டுங்கள். செம்பை வைத்துவிட்டுக் கண்ணை மூடி, சோர்ந்த கையைப் பாதி மடக்கியபடி நிறுத்துங்கள். மற்றக் கையை அதே அளவுக்குக் கொண்டுவந்து, கண்ணைத் திறந்து பாருங்கள். நான் செய்தபோது என் மகள் பள்ளிக்கூடக் கோணமானியோடு நின்றாள். சோர்ந்த கை இருந்ததைவிட மற்றக் கை நீண்டு நின்றது. சோர்ந்த கை உண்மையைவிட அதிகமாக நீண்டிருப்பதாக என் மனசு நம்பியிருக்கிறது.

மெல்பர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் ஊவே புரோஸ்கியின் குழு இதை முறையாக அளந்தது. வால்ஷ், ஹெஸ், மார்கன், புரோஸ்கி நால்வரின் கட்டுரை 2004-ல் வந்தது. அதே வருடம் அதே கூடம், மயக்கிய பூனைகளின் தசையைக் களைக்கவைத்துக் கதிரின் துடிப்பையும் நேரடியாகக் கேட்டது. கதிருக்கு எந்தப் பெரிய குழப்பமும் இல்லை. தசை ஓய்ந்து கிடக்க, சாட்சி மட்டும் பழையபடி உண்மையே சொல்லிக்கொண்டிருந்தது.

அப்படியானால் பொய் எங்கிருந்து வந்தது?

புரோஸ்கி குழு ஓர் அழகான விளக்கம் சொன்னது. முழங்கையை ஊன்றி முன்கையைச் செங்குத்தாக நிறுத்தினால் பளு தெரியாது. சாய்க்கச் சாய்க்கப் பளு கூடும், படுக்கைவாட்டுக்கு வந்தால் அதிகம். எவ்வளவு பிரயாசைப்படுகிறோம் என்பதை வைத்தே கை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று மூளை கணக்குப் போட முடியும். சோர்ந்த தசைக்கு அதே நிலையில் கையை நிறுத்தவே கூடுதல் பிரயாசை வேண்டும். 'இவ்வளவு பாடுபடுகிறேனே, கை நிறையச் சாய்ந்திருக்க வேண்டும்' என்று மூளை தப்பாகக் கணிக்கிறது. கை நீண்டிருப்பதாகத் தோன்றுகிறது.

2006-ல் சிட்னியிலிருந்து இதற்குப் பக்கபலம் வந்தது. கையின் இரத்த ஓட்டத்தைத் தடுத்து, உணர்வும் அசைவும் இல்லாமல் செய்துவிட்டு, 'கையை மடக்க முயலுங்கள்' என்றார்கள் காண்டேவியாவும் கூட்டாளிகளும். கை அசையவில்லை. ஆனால் முயன்ற பக்கமாகக் கை பல பாகை நகர்ந்துவிட்டதாக அவர்களுக்குத் தெரிந்தது. ஆணை மட்டுமே போதும், கை போய்விட்டதாக மூளை நம்பும்.

வேறொரு திசையிலும் விரல் நீண்டது. அதற்கு அடிப்படை போட்டவர் நம்மவர். பர்மாவின் மோகோக்கில் பிறந்து, லக்னோவில் படித்து, நுரையீரலின் ஜே உணர்விகளைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்ற ஆட்டார் சிங் பெயின்டல். தசையிலிருந்து வரும் மெல்லிய மூன்றாம் வகை நரம்பிழைகளைப் பற்றி 1960-ல் அவர் எழுதிய கட்டுரையை இன்றும் களைப்பு ஆராய்ச்சியாளர்கள் புரட்டுகிறார்கள். தசையை அழுத்திப் பிசைந்தால் விழித்துக்கொள்ளும் இழைகள் அவை. தசை களைக்கும்போது சேரும் இரசாயனங்களுக்கும் இந்த மெல்லிய இழைகள் துடிக்கும் என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். வேலை முடிந்து திண்ணையில் சாயும்போது 'கால் கடுக்குது' என்கிறோமே, அந்தக் கடுப்பைச் சுமந்துபோகிறவை அவைதான்.

பிரயாசையா, கடுப்பா? 2010 வரை பிரயாசைக் கணக்கு நன்றாகவே நின்றது. பிறகு அதைக் கட்டியவர்களே அதை இடித்தார்கள்.

*

ஆலன், லியுங், புரோஸ்கி மூவரும் இந்தத் தடவை எதிர்ப்பக்கத் தசையை, கையை நீட்டும் பின்புஜத் தசையைக் களைக்கவைத்தார்கள். மடக்கும் தசை களைத்தால் கை நீண்டு தோன்றும் என்றால், நீட்டும் தசை களைத்தால் மடங்கித் தோன்ற வேண்டும். அவர்கள் எதிர்பார்த்ததும் அதுவே. வந்த முடிவு நேர்மாறு. கை அப்போதும் நீண்டே தோன்றியது. கையை ஒரு தாங்கியில் கிடத்தி, பிரயாசையே இல்லாமல் செய்து பார்த்தார்கள். அப்போதும் நீண்டே தோன்றியது. விரலை மடக்கும் தசைகளைக் களைக்கவைத்தார்கள். அவை முன்கையில்தான் இருக்கின்றன, கடுப்பும் அங்கேதான் எடுக்கும். ஆனால் முழங்கையின் கணக்கில் குறிப்பிடும்படியான பிசகு வரவில்லை.

பிறகு காலுக்கு வந்தார்கள். முழங்காலை நீட்டும் தசையைக் களைக்கவைத்தாலும், மடக்கும் தசையைக் களைக்கவைத்தாலும் பதில் ஒன்றுதான்: கால் உண்மையைவிட அதிகம் மடங்கியிருப்பதாகத் தோன்றியது.

எந்தத் தசை களைத்தது என்பதைப் பொருட்படுத்தாமல் கை என்றால் நீட்டமாகவும், கால் என்றால் மடக்கமாகவும் ஒரே பக்கம் கோணுகிறது என்றால், கோளாறு தசையில் இருக்க முடியாது. பிரயாசைக் கணக்கிலும் இருக்க முடியாது. மூளை தன் கை, கால்களின் நிலையைக் கணித்துக்கொள்ளும் இடத்தில்தான் பிசகு என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். சாட்சி உண்மை சொல்கிறது, தீர்ப்பு எழுதுகிறவர் களைத்துவிடுகிறார்.

இதைப் படித்த அன்று நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். நாலாம் மாடியில் பூச்சு முடிந்து, சாரத்தைக்கூடப் பிரித்துவிட்டார்கள். முழங்கால் இருப்பதைவிட அதிகமாக மடங்கியிருப்பதாகத் தோன்றினால் என்ன நடக்கும்? பாதத்தை வேண்டிய உயரத்துக்குத் தூக்கிவிட்டோம் என்று மனசு நம்பும். உண்மையில் பாதம் சற்றுக் கீழேதான் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் நாற்காலியில் உட்காரவைத்து அளந்ததைச் சாரத்துக்கு அப்படியே பொருத்துவது என் சொந்தக் கணக்குதான். கூடவே இருட்டும் உண்டு, கயிற்றின் ஆட்டமும் உண்டு. ஆனால் பிசகு சில பாகைதான் என்று தள்ளிவிட முடியாது. தரையில் சில பாகை என்பது ஒரு சின்னத் தடுமாற்றம். ஒன்பது அங்குலப் பலகையில் அது வேறு.

ஈஜிபுராவுக்குப் பக்கத்தில், கோரமங்கலா ஓரத்தில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நெடுநாள் அரைவயிறாக வாழ்ந்தவர்களின் உடல் நிலையை அறிய, கையின் பிடிவலுவை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாமா என்று அங்குள்ள உடலியங்கியல் துறையினர் ஆராய்ந்து 1996-ல் எழுதினார்கள். அரைவயிற்றுக் கையின் பிடி தளர்ந்தே இருந்தது. வலு குறைந்த கைக்கு அதே பாண்டு இன்னும் கனம், களைப்பும் சீக்கிரம் வரும். சித்தாள் வேலைக்கு வரும் பெண்கள் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டவர்களுக்கு அந்த ஆய்வு புதுச் செய்தியாக இருக்காது. தவறி விழுந்தவரைப் பற்றிய செய்தியில் 'கவனக்குறைவால்' என்ற சொல்லை அச்சில் பார்க்கும்போது எனக்கு இப்போதெல்லாம் கோபம் வருகிறது. ஒன்பது மணி நேரம் நின்ற உடம்பில் எந்தக் கவனத்தை அந்தச் சொல் தேடுகிறது?

போன வாரம் மேஸ்திரியைப் பக்கத்துத் தெருவில் பார்த்தேன். புது வேலை, மூன்றாம் மாடி. மெல்பர்ன் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதனாலதான் சார் அஞ்சு மணிக்கு மேல யாரையும் மேல ஏத்த மாட்டேன். மணல் சலிக்கச் சொல்லுவேன், சாமான் கழுவச் சொல்லுவேன். மேல இருந்தா ஒவ்வொரு காலையும் கண்ணால பாத்து எடுத்து வெச்சு எறங்கணும். அப்பத்தான் கால் நம்ம கால்."

பெல்லின் நூலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்த தாயின் வைத்தியமும் இதுதான். உள்ளிருந்து வரும் செய்தியை நம்ப முடியாதபோது கண்ணை வேலைக்கு வைப்பது.

மேஸ்திரிக்கு அது மாலையில் ஒரு மணி நேரம். ஓர் இரவு தூங்கி எழுந்தால் கால் மீண்டும் அவர் கால். ஆனால் 1971-ல், இங்கிலாந்தைச் சேர்ந்த 19 வயது இளைஞர் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. பெயர் இயன் வாட்டர்மன், இறைச்சி வெட்டும் தொழில். காய்ச்சலுக்குப் பிறகு, கழுத்துக்குக் கீழே தொடுகையும் இல்லை, கை, கால் எங்கே என்ற செய்தியும் இல்லை. தசைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, வலு அப்படியே இருந்தது. இனி நடக்கவே முடியாது என்றார்கள். அவர் பல மாதம் போராடி, தன் ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் பார்த்துப் பார்த்தே உட்காரக் கற்றார், நிற்கக் கற்றார், கடைசியில் நடக்கவும் கற்றார்.

வெளிச்சமான அறையில், பார்ப்பவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாமல் அவர் நின்றுகொண்டிருக்கிறார். அப்போது மின்சாரம் நின்றால்?

(தொடரும்)